வியாழன் நான்கு மணிக்குள்

ஆவணி வந்துவிட்டால் நம் வயதுக்காரர் கூடுகிற எந்த வீட்டிலும் ஒரே பேச்சுத்தான். பதினாறு வயதுக்குப் பிறகு பிள்ளை படித்த பள்ளிக்கூடத்திலேயே சிக்ஸ்த் ஃபோர்ம் என்கிற மேல்வகுப்பில் இருப்பதா, கொலிஜ்ஜுக்குப் போவதா? எங்கே கண்டிப்பு அதிகம், எங்கே போக ஒரு பஸ் போதும், எந்த இடத்துப் பிள்ளைகள் மருத்துவத்துக்கு எடுபட்டார்கள் என்று வடையைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடுகிறீர்கள். சுற்றி வந்து என்னிடமும் கேட்கிறீர்கள். நான் எதையோ சொல்லி மழுப்பிவிட்டுச் சமையலறைப் பக்கம் நழுவிவிடுகிறேன். இவளுக்குத் தலைக்கனம் என்று இரண்டொருவர் சொல்லித் திரிவதும் என் காதுக்கு வந்தது. தலைக்கனம் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு நினைவுக்கு வருவது கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் நான் சாப்பிட்ட ஒரு மத்தியானச் சாப்பாடு. அதை வடைக்கு நடுவே சொல்லத் தொடங்கினால் அழுதுவிடுவேன். ஆகவே எழுதுகிறேன், ஆறுதலாக வாசியுங்கள்.

இப்போது சாயம் பூசாவிட்டால் என் தலை பாதி வெள்ளை. அந்த வருடம் எனக்குப் பதினாறு. தெற்கு லண்டனில் மிச்சம் என்ற ஊரில் ஒரு சலவைக்கடைக்கு மேலே இரண்டு அறைகளில் அப்பா, அம்மா, நான் மூவரும் இருந்தோம். கீழே இயந்திரங்கள் சுற்றும்போது எங்கள் தரை நடுங்கும். வெறுங்காலோடு நின்றால் குளிர்காலத்திலும் பாதம் சுடும். கடை பூட்டியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் எங்களுக்குக் குளிர் என்றால் என்னவென்று தெரியும். சவர்க்காரத்தூள் மணம் சுவரிலேயே ஊறியிருந்தது. அப்பா பெட்ரோல் நிலையத்தில் வேலை, அவருடைய ஜாக்கெட்டைக் கதவுக்குப் பின்னால் மாட்டினால் அந்த மூலை முழுவதும் பெட்ரோல். அம்மா சாண்ட்விச் செய்கிற தொழிற்சாலையில் முட்டை மசித்தார். எத்தனை எலுமிச்சம்பழம் தேய்த்தாலும் அவர் கையிலிருந்து அந்த முட்டை மணம் போகாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் வீட்டுக் கதவுமணி அடித்தால் அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தை நிறுத்துவார். மூவரும் அசையாமல் இருப்போம். மணி அடித்தவர் படி இறங்கிப் போகும் சத்தம் கேட்ட பிறகுதான் மறுபடி மூச்சு விடுவோம். உங்களில் பலருக்கு இதை விளக்கத் தேவையில்லை. எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. எனக்குப் பதினொன்றரை வயதில் கொடுத்த விண்ணப்பம் அது. "கேஸ் கிடக்குது" என்று எங்கள் வீட்டில் சொல்லுவோம், யாரோ நோயாளி உள்ளறையில் கிடப்பதைச் சொல்வதுபோல. அந்தக் கேஸைக் கிண்டாமல் இருப்பதுதான் எங்கள் குடும்பத்தின் முழுநேர வேலை. என் வகுப்பு முழுவதும் ஒருநாள் பயணமாகப் பிரான்சுக்குப் போனபோது எனக்குக் காய்ச்சல் என்று நானே கடிதம் எழுதி அம்மாவைக் கையெழுத்துப் போடவைத்தேன்.

நான் என்னவாக வரவேண்டும் என்பதில் எனக்கு ஒருநாளும் குழப்பம் இருந்ததில்லை. இந்த நாட்டில் வந்து இறங்கிய முதல் கிழமையில் எங்களுக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். எடுத்தவர் ஒரு பெண், குட்டையான உருவம், குதிரைவால் கொண்டை. எக்ஸ்ரே தட்டில் நெஞ்சை வைத்து நிற்கச் சொன்னபோது குளிரில் நான் பின்வாங்கினேன். அவள் சிரித்துவிட்டுத் தன் சட்டைக் கையால் அந்தத் தட்டைத் தேய்தேய் என்று தேய்த்துச் சூடாக்கினாள். பிறகு படத்தை வெளிச்சத்தில் பிடித்து, இதுதான் நீ என்று விரலால் காட்டினாள். விமானம் ஏறியதிலிருந்து என்னை யாரோ ஒருவராக மதித்த முதல் ஆள் அவள்தான். அந்த வேலைதான் எனக்கும் வேண்டுமென்று அன்றைக்கே தீர்மானித்தேன்.

பதினாறு வயதில் எழுதுகிற பொதுப் பரீட்சையின் முடிவு வந்தது. கணிதத்தில் ஏ, விஞ்ஞானத்தில் இரண்டு பி, ஆங்கிலத்தில் டி. அந்த ஒரு டி என்ன செய்தது தெரியுமா? எங்கள் பள்ளிக்கூடத்தின் சிக்ஸ்த் ஃபோர்முக்குப் பொறுப்பான ஆசிரியை மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருப்பார். அதை எடுத்து மாட்டி என் தாளைப் பார்த்தார். ஆங்கிலத்தில் சி இல்லாமல் விஞ்ஞானப் பாடம் எடுக்க அங்கே விதி இடம் தராது. வேண்டுமானால் ஒரு வருடம் அலுவலக வேலைக்கான பாடத்தைப் படித்துக்கொண்டு ஆங்கிலத்தைத் திருப்பி எழுதலாம் என்றார். தட்டச்சு, கோப்பு அடுக்குவது, தொலைபேசியில் பேசுவது. நல்ல மனுஷிதான், எனக்காக வருத்தப்பட்டார்.

ட்ராம் பாதையில் இருந்த கல்லூரியிலோ வேறு விதி. விஞ்ஞானம் படித்துக்கொண்டே பக்கத்தில் ஆங்கிலத்தைத் திருப்பி எழுதலாம். என் வகுப்புப் பிள்ளைகள் நால்வர் அங்கே போனார்கள். எனக்குத் தெரிவு என்று ஒன்றே இல்லை, பாதை ஒன்றுதான் இருந்தது. அப்பாவுக்கு அது விளங்கவில்லை என்று அப்போது நினைத்தேன்.

"கொலிஜ்ஜுக்குப் போற பிள்ளையளை நான் பெட்ரோல் ஸ்டேஷனில காணுறனான். நினைச்ச நேரம் போறதும் நினைச்ச நேரம் வாறதும். யூனிபோர்மும் இல்லை, ஒரு ஒழுங்கும் இல்லை" என்றார் அப்பா.

"அப்பா, பள்ளிக்கூடத்தில எனக்கு விஞ்ஞானம் தரமாட்டினம்."

"தாறதைப் படி. அங்க உன்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம். புது இடத்துக்குப் போனா முதல் கேள்வியே நீ ஆர், எங்க இருந்து வந்தனி, பேப்பர் எங்க எண்டுதான்."

கடைசியில் சொன்னதுதான் உண்மைக் காரணம். யூனிபோர்ம், ஒழுங்கு எல்லாம் அதற்கு மேலே போர்த்த துணி. பயந்த மனிதர் தன் பயத்தை ஒழுக்கம் என்று பெயர் மாற்றிச் சொல்கிறார் என்பது பதினாறு வயதில் எனக்குத் தெரியவில்லை. நான் அவரை ஒரு பட்டிக்காட்டான் என்று மனதுக்குள் திட்டினேன். அந்த வார்த்தைக்காக இன்றைக்கும் கூசுகிறேன்.

செவ்வாய்க்கிழமை அம்மா என்னைக் கல்லூரிக்குக் கூட்டிப்போனார், அப்பாவுக்குச் சொல்லாமல். பதிவு மேசையில் இருந்த பெண்ணுக்கு நீளநீளமான ஊதா நிற நகங்கள். என் புள்ளிகளைப் பார்த்து, தாராளமாக எடுக்கலாம், விஞ்ஞானத்தில் இன்னும் ஓர் இடம் இருக்கிறது என்றாள். அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அடுத்ததாக, இந்த நாட்டில் எங்கள் நிலை என்னவென்று காட்டும் கடிதம் கேட்டாள். எங்களிடம் இருந்தது, விண்ணப்பம் கிடைத்தது என்று முதலில் வந்த கடிதத்தின் ஒரு போட்டோப் பிரதி. மடித்து மடித்து, மடிப்பு விழுந்த இடத்தில் திகதி அழிந்தே போயிருந்தது. அவள் அதை நகத்தால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

இது மிகவும் பழையது, இதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லையா என்று கேட்டாள். இதில் பிளேஸ்டோ முகவரி இருக்கிறதே, அங்கேயா இருக்கிறீர்கள்? இல்லை, நாங்கள் மாறிவந்து மூன்று வருடத்துக்கு மேல் என்றேன். மாறியதை அறிவித்தீர்களா? நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தார்.

அந்தப் பெண் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளில் என் பெயரை எழுதினாள். பெயருக்குக் கீழே "வியாழன் 4 மணி" என்று எழுதி இரண்டு கோடு போட்டுத் தன் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டினாள். அதுவரை இடத்தைப் பிடித்துவைக்கிறேன், பிறகு காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குக் கொடுக்கவேண்டும் என்றாள். என் பெயரை அவ்வளவு நேர்த்தியாக எழுதிய வெள்ளைக்காரர் யாரையும் அதற்குமுன் நான் கண்டதில்லை.

அன்று மாலை உண்மையைச் சொல்லவேண்டி வந்தது. அப்பா கத்துவார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. "அட்ரஸை லோயர் மாத்தியிருப்பார்" என்று மட்டும் சொன்னார். புதன்கிழமை லீவு எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு எங்கள் கேஸைப் பார்த்த லோயரைத் தேடிப் போனார். லோயரின் அலுவலகம் இருந்த மாடியில் கைத்தொலைபேசிக்கு உறை விற்கிற கடை இருந்தது. லோயர் எங்கே என்று கேட்டோம். கடைக்காரப் பெடியனுக்கு அப்படி ஒருவர் இருந்ததே தெரியாது. படியில் இறங்கும்போது அப்பா கைப்பிடியை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

அப்படியென்றால் எங்களுக்கு வந்த கடிதம் எல்லாம் பிளேஸ்டோவுக்குத்தான் போயிருக்கும். அது அப்பாவின் அண்ணன் வீடு, என் பெரியப்பா வீடு. இந்த நாட்டுக்கு வந்து முதல் ஒன்றரை வருடம் அங்கேதான் இருந்தோம். எனக்குத் தங்கை முறையான அவருடைய மகளும் நானும் ஒரே கட்டிலில் தலைமாறிப் படுத்தோம். அப்பாவுக்கு மிச்சம் பக்கத்தில் வேலை கிடைத்துத்தான் பிரிந்து வந்தோம், மனத்தாங்கலோடு இல்லை. மனத்தாங்கல் வந்தது அதன் பிறகு, ஒரு கார்ட்டால்.

பெரியப்பாவின் மகள் வயதுக்கு வந்து பெரியபிள்ளையானதும் சாமத்தியவீடு வைத்தார்கள். மண்டபம் எடுத்து, கார்ட் அடித்து, சொல்லவேண்டியவர்களுக்கெல்லாம் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். நமக்குத் தெரியும்தானே, சொந்தச் சகோதரனுக்குப் போய், வாசலில் நின்று, கையில் கொடுத்துத்தான் சொல்லவேண்டும். பெரியப்பாவுக்கு அந்த மாதம் வாரத்தில் ஏழு நாளும் வேலை. லண்டனின் அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு வர நேரமில்லை, தம்பிதானே என்று எங்கள் கார்ட்டைத் தபாலில் போட்டுவிட்டார்.

கதவடியில் விழுந்த அந்த உறையை அப்பா இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. "காஸ் பில் மாதிரி வந்து விழுந்திருக்கு. கூடப் பிறந்தவனுக்குத் தபாலில சொல்லியிருக்கிறான்" என்றார். நாங்கள் போகவில்லை. சாமத்தியவீட்டுக்கு வராத தம்பி எனக்குத் தம்பியே இல்லை என்று பெரியப்பா சொன்னதாகக் காதில் விழுந்தது. அதோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. மூன்று வருடம்.

"பிளேஸ்டோவுக்குப் போய்க் கேப்பம் அப்பா" என்றேன், புதன் இரவுச் சாப்பாட்டின்போது.

"அந்த வீட்டுப் படியை நானும் மிதிக்கமாட்டன், நீயும் மிதிக்கக்கூடாது. பள்ளிக்கூடத்திலயே இரு. எழுத்து வேலை படிச்சா என்ன குறைஞ்சே போகும்?"

நான் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளினேன். அது விழுந்து உடைந்தது. அதற்கும் அவர் கத்தவில்லை, குனிந்து ஓடுகளைப் பொறுக்கினார்.

வியாழக்கிழமை அப்பாவின் வேலை பதினொரு மணிக்கு. அவர் படி இறங்கும்வரை அம்மா யன்னலோரம் நின்றார். பிறகு தன் பயண அட்டையை என் கையில் திணித்தார். "அப்பா கேட்டா நீ விம்பிள்டன் கோயிலுக்குப் போனது எண்டு சொல்லுறன். அந்தப் பக்கத்தாலதானே போறாய், பொய்யாப் போகாமல் ஒரு கும்பிடு போட்டிட்டுப் போ. பெரியம்மாவோட மரியாதையாக் கதை. கெதியா வா."

விம்பிள்டன் வரை ட்ராம், அங்கிருந்து பிளேஸ்டோவுக்கு, வரைபடத்தில் பச்சைக்கோடாகப் போட்டிருக்கும் ஒரே ரயில். கோயிலுக்குப் போக நேரமில்லை. ரயில் மேடையில் நின்று, கோயில் எந்தத் திசை என்று தெரியாமல் நான்கு பக்கமும் கும்பிட்டேன். நாற்காலியில் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் எனக்குப் பதில் வணக்கம் சொன்னார்.

ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்க அந்தக் கதவைத் தட்டினேன். சங்கிலி போட்ட இடுக்கால் பெரியம்மாவின் ஒரு கண் பார்த்தது. பிறகு சங்கிலியைக் கழற்றத் தெரியாமல் தடுமாறினார். "என்ரை ராசாத்தி, என்ன இப்பிடி வளந்திட்டாய்!" என்று என் முகத்தை இரண்டு கையாலும் வழித்தார். கூடத்துச் சுவரில் தங்கையின் சாமத்தியப் படம், சிவப்புச் சேலையும் தலை நிறையப் பூவுமாக, ஆள் உயரத்துக்கு. அவள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். பெரியப்பா வேலை முடிந்து வரும் நேரம் என்றார்.

கடிதம் ஏதும் வந்ததா என்று கேட்டேன்.

"வராமல்? எல்லாம் பத்திரமா வைச்சிருக்கிறன்."

அலுமாரியைத் திறந்தார். நப்தலின் மணம். கலியாணத்துக்குக் கட்டிய கூறைச்சேலையை இரண்டு கையாலும் தூக்கி, அதற்கு அடியிலிருந்து ஒரு கடிதக் கட்டை எடுத்தார். ஏழு பழுப்பு உறைகள், தங்கையின் பின்னல் நாடாவால் கட்டியவை. "ஒண்டையும் உடைக்கேல்லை பிள்ளை. மற்றவையின்ரை கடிதத்தை உடைக்கிறது பிழையெல்லே" என்று பெருமையோடு என்னிடம் தந்தார். அந்த வீட்டில் அதைவிட மரியாதையான இடம் வேறு இல்லை என்பதை நான் சொல்லியாகவேண்டும்.

மூன்றாவது உறையில் இருந்தது. நான் ஆங்கிலத்தில் டி எடுத்தவள்தான், ஆனால் அந்தக் கடிதம் விளங்கியது. எங்கள் மூவருக்கும் நான்கு வருடம் இங்கே தங்க அனுமதி. வேலை செய்யலாம், படிக்கலாம். திகதியைப் பார்த்தேன். விரல் விட்டு எண்ணினேன். இரண்டு வருடமும் ஐந்து மாதமும் கூறைச்சேலைக்கு அடியில் போய்விட்டன. அத்தனை நாளும் மணி அடித்தபோதெல்லாம் நாங்கள் ரிவியை நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம். எனக்கு இல்லாத காய்ச்சல் வந்ததும் அந்த நாட்களில்தான்.

"நல்லதோ பிள்ளை?" என்று கேட்டார் பெரியம்மா.

"ஓம் பெரியம்மா. நல்லது."

"ஏன் பெரியம்மா, தபாலில அனுப்பியிருக்கலாமே?" என்று பிறகு கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "தபாலிலயோ? ஒரு கார்ட்டைத் தபாலில போட்டதுக்குத்தானே உன்ரை அப்பா இவ்வளவு நாளும் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கிறார். இதையும் தபாலில போட்டா, வேணுமெண்டு ரெண்டாம் தரமும் செய்யினம் எண்டெல்லே நினைப்பார்? அந்தப் பிழையை நான் திருப்பிச் செய்வனோ? ஒருக்கா ரெலிபோன் எடுத்தனான். என்ரை குரலைக் கேட்டதும் வைச்சிட்டார். சரி, நேரில வரேக்க கையில குடுப்பம் எண்டு வைச்சிருந்தனான்." குரலைத் தாழ்த்தினார். "ஏன், இது வந்து கன நாளோ? ஏதும் பிந்திப் போச்சோ?"

அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. நான் அந்தத் தாளை மடித்து உறைக்குள் வைத்தேன்.

"இல்லை பெரியம்மா. இப்பத்தான் வந்திருக்கு" என்றேன். அவருக்கு இன்றுவரை தெரியாது.

நான் எழும்பினேன். ஒன்றே கால் மணி. அப்போதே புறப்பட்டிருந்தால் மூன்று மணிக்கு அந்த ஊதா நகக்காரியின் முன்னால் நின்றிருப்பேன்.

"சாப்பிடாமல் போறதோ?" பெரியம்மா கதவை மறித்தார். "மூண்டு வருசத்துக்குப் பிறகு வந்தனி. வெறும் வயித்தோட போனா, கோவத்தில வந்து கோவத்தில போனாள் எண்டுதான் பெரியப்பா நினைப்பார். இரு, ஒரு பிடி சோறு."

நேரமில்லை, கல்லூரி, நான்கு மணி என்று சொன்னேன். அவர் கேட்டார், தலையாட்டினார், அதோடு அரிசியைக் கழுவத் தொடங்கினார். முதல் நாள் சோற்றை எனக்குப் போடமாட்டாராம். உறைபெட்டியிலிருந்து மீனை எடுத்துச் சுடுதண்ணீரில் போட்டார். நான் கூடத்துக் கதிரையின் நுனியில் இருந்து கடிகாரத்தைப் பார்த்தேன். சோறு பொங்கும் சத்தம். மீன் பொரியும் மணம். எழும்பி ஓடியிருக்கவேண்டும் என்பீர்கள். நீங்கள் ஓடியிருப்பீர்களா? அந்தச் சோற்றைத் தட்டிவிட்டு வந்தால் அடுத்த மூன்று வருடச் சண்டைக்கு நானே கார்ட் அடித்ததாகிவிடும். அம்மா சொன்ன மரியாதை என்னைக் கதிரையோடு சேர்த்துக் கட்டிவைத்திருந்தது.

இலைபோட்டு விருந்து வைப்பதுபோல வைத்தார், மூன்று கறியும் சொதியும். ஐந்து வாயில் விழுங்கிவிட்டு எழும்பலாம் என்று பார்த்தேன். இரண்டாவது வாயில் பெரியப்பா உள்ளே வந்தார்.

அவருக்குப் பேக்கரியில் வேலை. புருவத்தில் கோதுமை மா ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் சப்பாத்தைக் கழற்றிய கையோடு அப்படியே நின்றார்.

"உன்ரை கொப்பன் அனுப்பினவனோ?" என்று கேட்டார்.

இல்லை என்றால் அந்த முகம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரிந்தது. "ஓம் பெரியப்பா" என்றேன்.

அவர் குளியலறைக்குள் போனார். தண்ணீர் நெடுநேரம் ஓடியது. வந்தபோது முகம் கழுவியிருந்தார், ஆனால் கண் சிவந்திருந்தது. என் பக்கத்தில் வந்திருந்து, தன் கையால் மீன் துண்டொன்றை முள் எடுத்து என் சோற்றில் வைத்தார். "ஞாயிறு வரச்சொல்லு. நான் லீவு போடுறன். அவனுக்குக் கணவாய்க் கறி விருப்பம், வாங்கிவைக்கிறன்."

இரண்டேகால். நான் போகவேண்டும் என்றேன். "தனிய விடமாட்டன், ஸ்டேஷன் மட்டும் வாறன்" என்று அவரும் கிளம்பினார். அவருக்கு முழங்காலில் வலி. ஓர் அடி வைப்பார், நிற்பார், கேட்பார். அப்பா இன்னும் சிகரெட் பிடிக்கிறானோ? முதுகுவலி எப்பிடி? மயிர் கொட்டிப்போச்சோ? கடிதக் கட்டை அவர்தான் நெஞ்சோடு பிடித்திருந்தார், என்னிடம் தரவில்லை. பத்து நிமிடப் பாதை அரை மணியானது. பக்கத்தில் எல்லோரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். நான் ஓட வந்த காலை அடக்கி அடக்கி நடந்தேன்.

ரயிலில் எனக்கு எதுவும் தெரியவில்லை, ஒவ்வொரு நிலையத்திலும் இருந்த கடிகாரத்தைத் தவிர. ட்ராமில் கதவோரத்திலேயே நின்றேன். இறங்கியதும் ஓடினேன். பொரித்த மீன் நெஞ்சுவரை ஏறி வந்தது.

நான்கு இருபது. கண்ணாடிக் கதவு பூட்டியிருந்தது. உள்ளே விளக்கு பாதி அணைந்திருந்தது, ஒரு மனிதர் தரை துடைத்துக்கொண்டிருந்தார். தட்டினேன். அவர் தலையை ஆட்டி, நாளை என்று கையால் காட்டினார். பதிவு மேசை கதவிலிருந்து நன்றாகத் தெரிந்தது. கணினித் திரையின் ஓரத்தில் அந்த மஞ்சள் தாள் அப்போதும் ஒட்டியிருந்தது. நான் கண்ணாடியில் நெற்றியை வைத்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

வீட்டில் அப்பாவிடம் கடிதத்தைக் கொடுத்தேன். எங்கே போனேன் என்பதையும் சொன்னேன். பெரியம்மா சொன்னது, கூறைச்சேலை, தபால் எல்லாம் சொன்னேன். திகதியை மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. அவர் அந்தத் தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு இருந்தார். சற்று நேரத்தில் கதவுமணி அடித்தது. அம்மா வழமைபோல ரிவிப் பக்கம் கையை நீட்டினார். அப்பா எழும்பிப் போய்க் கதவைத் திறந்தார். யாரோ பக்கத்து வீட்டுக்கு வந்த பொதியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தப் பொதியைக் கையில் வைத்தபடி அவர் வாசலிலேயே நின்றார்.

வெள்ளிக்கிழமை காலை அப்பா கோட் சூட் போட்டுக்கொண்டு என்னோடு வந்தார். அவரிடம் இருந்த ஒரே சூட். மஞ்சள் தாள் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. நேற்று நான்கரைக்கு, வீட்டுக்குப் போகுமுன் மேல்மாடியிலிருந்து அடுத்த பிள்ளையைத் தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டேன், ஐந்து மணிக்கு அவள் சம்மதித்துவிட்டாள் என்றாள் அந்தப் பெண். அவளுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

"எங்களிட்டை இப்ப பேப்பர் இருக்கெண்டு சொல்லு" என்றார் அப்பா.

சொன்னேன். அவள் கடிதத்தைப் பார்த்து, இது மிக நல்ல கடிதம், அடுத்த வருடம் நேரத்தோடு வாருங்கள் என்றாள். அதை நான் அப்பாவுக்குச் சொன்னேன். "கெஞ்சிக் கேள் பிள்ளை" என்றார். கெஞ்சினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் போட்டுக் கெஞ்சினேன். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

அதற்குப் பிறகு நடந்தது கொஞ்சம்தான். திங்கட்கிழமை பழைய பாவாடையைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய் அலுவலகப் பாடத்தில் சேர்ந்தேன். ஆங்கிலத்தில் சி எடுத்தேன். அடுத்த புரட்டாதிக்கு எங்கள் அனுமதியில் மிஞ்சியிருந்தது ஏழு மாதம், இரண்டு வருடப் படிப்புக்கு அது போதாது என்றார்கள். புதுப்பிக்கக் கொடுத்த விண்ணப்பம் மறுபடி கிடையில் விழுந்தது. அதற்குள் அப்பாவுக்கு முதுகு போய் நான் வேலைக்குப் போனேன். இப்போது ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரேக்கு வரச்சொல்லி ஆட்களுக்குக் கடிதம் அனுப்புகிற பிரிவில் இருக்கிறேன். ஆள் இல்லை என்று திரும்பி வருகிற உறைகளை மற்றவர்கள் ஒரு தட்டில் போட்டுவிடுவார்கள். நான் கோப்பில் உள்ள எல்லா இலக்கத்துக்கும் போன் எடுப்பேன். மேலாளருக்கு அது பிடிக்காது.

அந்த ஞாயிறு அப்பா பிளேஸ்டோவுக்குப் போகவில்லை. பெரியப்பா கணவாய் வாங்கிவைத்து மாலைவரை யன்னலடியில் இருந்ததாகத் தங்கை பிறகு சொன்னாள். அந்தக் காத்திருப்பு என் பொய்யால் வந்தது, அதை நான் யார் தலையிலும் போடமாட்டேன்.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது அந்த வெள்ளிக்கிழமை கல்லூரியிலிருந்து திரும்பிய ட்ராமில்தான். அப்பாவும் நானும் பக்கத்துப் பக்கத்தில். கூட்டமில்லை. சூட்டிலும் பெட்ரோல் மணந்தது. அப்பா கடிதத்தை உறையிலிருந்து எடுத்தார், பார்த்தார், உள்ளே வைத்தார், மறுபடி எடுத்தார்.

"தபாலில போட்டிருக்கலாம்தானே" என்றார். "ஒரு முத்திரை ஒட்டி."

அவரிடம் அதுவரை நான் எதிர்த்துப் பேசியதெல்லாம் கத்திப் பேசியதுதான். இது மெதுவாக வந்தது.

"நீங்கள் கோவிச்சிருப்பியள், அப்பா."

ட்ராம் நின்றது. இரண்டு பேர் ஏறினார்கள், கதவு மூடியது. அப்பா உறையைத் திருப்பி, பிளேஸ்டோ முகவரிக்கு மேலே பெருவிரலை வைத்து மறைத்தார்.

"ஓம்" என்றார். "உடைக்காமல் திருப்பி அனுப்பியிருப்பன்."